சுண்ணாம்புக் குழியில் கழுவிவிட்ட கருப்பு

"ஆடு கருப்பா இருந்தாலும் வெள்ளையா இருந்தாலும், சுண்ணாம்புலேர்ந்து வெளிய வந்தா எல்லாம் ஒரே நிறம்தான் தம்பி."

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சொன்னது இது. "அப்ப அந்தக் கருப்பு எங்க பாய் போகும்?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "தண்ணியோட போயிடும், வேற எங்க போகும்?" என்றார்.

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது இதற்கு நேர் எதிரான ஒரு வேலையைப் பற்றி. மெலனின் மாதிரியான ஒரு பொருளைச் செயற்கையாகச் செய்து, கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் என்று எதன்மேலும் மெல்லிய பூச்சாக ஏற்றுகிறார்கள். அதன்மேல் செல்களை வளர்க்கிறார்கள். தோல் செல்லும் தோல் புற்றுநோய் செல்லும் இந்தச் செயற்கைக் கருப்பைத் தொட்டால் என்ன ஆகும் என்று பார்க்கிறார்கள். ஆம்பூரில் டன் கணக்கில் கழுவிவிடுகிற சரக்கை இவர்கள் மில்லிகிராம் கணக்கில் செய்து பூசுகிறார்களே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. தோண்டத் தோண்ட, இந்த இரண்டு வேலைக்கும் உள்ள உறவு நான் நினைத்ததைவிட நெருக்கம் என்று தெரிந்தது. வழியில் சென்னையும் வேலூர்ப் பக்கமும் வருகிற இடங்களும் நிறைய இருந்தன. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன். நான் டாக்டரும் இல்லை, தோல் தொழில்நுட்பம் படித்தவனும் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

குழிக்குள் என்ன நடக்கிறது

தோல் என்று நாம் சொல்வதில் முக்கியமாக இரண்டு அடுக்கு. மேலே மெல்லிய மேல்தோல், கீழே தடித்த அடித்தோல். மேல்தோலின் அடிவரிசையிலும் மயிர்க்கால்களிலும் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. மெலனின் செய்வது இவற்றின் வேலை. செய்த மெலனினை மெலனோசோம் என்ற சின்னச் சின்னப் பைகளில் அடைத்து, பக்கத்துச் செல்களுக்குக் கொடுத்துவிடும். வாங்கிக்கொண்ட செல் அந்தப் பைகளைத் தன் உட்கருவுக்கு மேலே குடை மாதிரி கவிழ்த்து வைத்துக்கொள்ளும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் உள்ளே இருக்கும் டிஎன்ஏவைத் தாக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

தோல் ஷாப்பில் இந்த மேல்தோலே தேவையில்லை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த குழியில் போடுவார்கள். சல்பைடு, மயிரிலும் மேல்தோலிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தை உடைக்கும். மயிரும் மேல்தோலும் கூழாகிக் கழன்று வரும். அப்படியும் மயிர்க்காலில் ஒட்டிக்கிடக்கும் நிறத்தை, தோலை ஒரு மரத்தின்மேல் விரித்துப்போட்டு, மழுங்கின கத்தியால் அழுத்திப் பிதுக்கி எடுப்பது பழைய வழக்கம். பாய் இளவயதில் செய்த வேலை அதுதான். கடைசியில் மிஞ்சுவது அடித்தோல். அதாவது கொலாஜன் என்ற புரதத்தின் நார்ப்பின்னல். உங்கள் ஷூ, பெல்ட், பர்ஸ் எல்லாமே கொலாஜன்தான்.

இந்தக் கொலாஜனின் உள்கட்டமைப்பைக் கண்டுபிடித்ததும் நம்ம ஊரில்தான். 1952ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் சென்னைக்கு வந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் புதிராகவே இருக்கிறது என்று ஜி.என். ராமச்சந்திரனிடம் சொன்னார். ராமச்சந்திரன் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளம் இயற்பியல் பேராசிரியர். 1948ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், அதாவது சி.எல்.ஆர்.ஐ., பக்கத்திலேயே இருந்தது உதவியாகப் போயிற்று. கங்காரு வாலின் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜனை எக்ஸ்ரே படம் எடுத்து, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மூன்று இழை முறுக்கிய கயிறு என்பது அவர்கள் விடை. தோல் தொழிலுக்காக அமைத்த நிலையத்தின் பக்கத்திலேயே தோலின் மூலக்கூறு ரகசியம் அவிழ்ந்தது.

ஆவாரம் பட்டை

கொலாஜனை அப்படியே விட்டால் அழுகும். அழுகாமல், விறைக்காமல், தண்ணீர் பட்டாலும் கெடாமல் ஆக்குவதுதான் பதனிடுதல். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய இந்தப் பட்டையில் தொழில் வளர்ந்ததற்குக் காரணம், ஆற்றுத் தண்ணீர், தமிழ் முஸ்லிம் வணிகர்களின் முதலீடு, பெரும்பாலும் தலித் மக்களின் உழைப்பு. இவற்றோடு நாலாவதாக ஒரு செடி: ஆவாரை. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பழமொழி சொல்கிற அதே ஆவாரைதான். பூ மருந்துக்கு, பட்டை தோலுக்கு.

ஆவாரம் பட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரில் தோலை வாரக்கணக்கில் போட்டுவைப்பார்கள். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய் அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். இப்படி அரைகுறையாக முடித்து லண்டனுக்குக் கப்பலேற்றிய சரக்குக்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று சந்தைப் பெயர். பின்னாளில் ஆவாரைக்குப் பதில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. பிறகு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாட்டிலை நட்டார்கள். அது இப்போது சோலைக்காட்டை விழுங்கிக்கொண்டிருப்பது தனிக்கதை.

பட்டையில் இருக்கும் சரக்கு டேனின். வேதியியலில் பாலிஃபீனால் வகை. ஒரு வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஜோடிகள் தொங்கிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகள் பல சேர்ந்தது. அந்த ஜோடிகள் புரதத்தைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் பட்டால் நிறம் மாறும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

இதைப் பார்க்க ஆம்பூர் போகவேண்டாம், சமையலறை போதும். வாழைத்தண்டையோ வாழைப்பூவையோ நறுக்கினால் கருத்துப்போகிறது இல்லையா? அறுபட்ட செல்லிலிருந்து ஒரு நொதி வெளியே வந்து, அங்கே இருக்கும் ஃபீனாலை ஆக்சிஜனோடு சேர்க்கிறது. அது பின்னிப் பின்னிக் கருப்பாகிறது. அம்மா அதை மோர் கலந்த தண்ணீரில் போட்டுவைப்பார்கள். புளிப்பில் அந்த நொதி மந்தமாகிவிடும். நம் தோலில் மெலனின் செய்யும் டைரோசினேஸ் என்ற நொதி, வாழைத்தண்டில் இருப்பதற்கு நெருங்கிய உறவுக்காரன்தான். 1895ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் பூர்க்லோவும் பெர்த்ரானும் டைரோசினேஸை முதலில் கண்டதே ஒரு காளானில்.

ஆக, குழியில் கழுவிவிட்ட கருப்பும், அடுத்த தொட்டியில் ஏற்றுகிற பட்டைச் சாறும் ஒரே மாதிரி வேதியியல். ஒன்று விலங்கு தன் தோலுக்குச் செய்துகொண்டது, இன்னொன்று செடி தன் பட்டைக்குச் செய்துகொண்டது.

பூனைக்காலியும் டோபாவும்

மெலனின் உண்டாகும் வழியில் ஒரு முக்கியமான படி, டோபா என்ற சின்ன மூலக்கூறு. 1913ல் சுவிட்சர்லாந்தில் மார்க்குஸ் குகன்ஹைம் ஒருவகை அவரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். தானே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்து வாந்தியும் எடுத்தார். 1917ல் புருனோ பிளாக் என்ற சுவிஸ் தோல் மருத்துவர் ஒரு வேலை செய்தார். மெல்லியதாக அரிந்த தோலை டோபா கரைசலில் ஊறவைத்தார். மெலனோசைட் செல்கள் மட்டும் கருத்துப்போயின, மற்றவை அப்படியே இருந்தன. எந்த செல் மெலனின் செய்கிறது என்று பார்க்க மருத்துவத்துக்கு ஒரு கண் கிடைத்தது.

இருபது வருஷம் கழித்துக் கதை சென்னைக்கு வருகிறது. 1937ல் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து டோபாவைப் பிரித்து, பயோகெமிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அது சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் நடந்த வேலை. நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் அதே பூனைக்காலி. 1960களில் பார்க்கின்சன் நோய்க்கு டோபா மருந்தானபோது இந்தக் கட்டுரைக்கு மறுவாழ்வு கிடைத்தது. டோபாவிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழித்தால் டோபமின். இந்த டோபமினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்கு வேண்டும்.

சிப்பியிடம் கற்றது

கன்னியாகுமரிப் பக்கம் பாறையில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியைச் சமைத்துச் சாப்பிடுவார்கள். அலை இவ்வளவு அடித்தும் அது எப்படிப் பாறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? ஹெர்பர்ட் வெய்ட் என்ற அமெரிக்கர் 1981ல், அந்த வகைச் சிப்பியின் பசைப் புரதத்தில் டோபா நிறைய இருப்பதைக் காட்டினார். மெலனினின் தாய் மூலக்கூறுதான் சிப்பியின் பசையும்.

2007ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹேஷின் லீ, ஃபிலிப் மெசர்ஸ்மித் குழு சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதியது. செய்முறை நம்ப முடியாத அளவுக்கு எளிது. ஒரு மில்லி தண்ணீருக்கு 2 மில்லிகிராம் டோபமின். பிஎச் 8.5, அதாவது லேசான காரத்தன்மை. அதில் எந்தப் பொருளையாவது முக்கிவைத்து விட்டுவிட வேண்டியதுதான். காற்றில் உள்ள ஆக்சிஜனே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் பழுப்பாகி, கருப்பாகி, முக்கின பொருளின்மேல் ஒரு படலம் படியும். ஒரு நாள் விட்டால் அதிகபட்சம் 50 நானோமீட்டர் வரை வளரும். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எதுவும் ஒட்டாத டெஃப்லான்மேல்கூட ஒட்டியது. பாலிடோபமின் என்ற இந்தப் படலம், தோலில் இருக்கும் கருமெலனினுக்கு ரொம்ப நெருக்கமான பொருள்.

மோரில் போட்டால் கருக்காது, காரத்தில் போட்டால் கருக்கும். நம் வீட்டு ரசாயனத்தின் மறுபக்கம்தான் இது. ஆறு வருஷம் கழித்து, 2013ல், மெசர்ஸ்மித் குழு டேனினைக் கொண்டே நிறமில்லாத பூச்சு செய்தது. அதே வருஷம் ஆஸ்திரேலியாவில் ஃபிராங்க் கருசோ குழு டேனிக் அமிலத்தையும் இரும்பையும் கலந்து நொடிகளில் படலம் செய்து காட்டியது. அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குக் கடுக்காய் மைதான் ஞாபகம் வந்தது. கடுக்காயோடு அன்னபேதி சேர்த்தால் கருப்பு மை. கலம்காரித் துணியின் கருப்புக் கோடும் கடுக்காயும் இரும்பும்தான். டேனினும் இரும்பும் சேர்ந்தால் எதையும் கருப்பாக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது நம் சாயக்காரர்களுக்குத் தெரியும். அந்தப் படலம் எத்தனை நானோமீட்டர் என்பதுதான் புதிதாகத் தெரிந்தது.

செல்கள் என்ன செய்கின்றன

சரி, இந்தக் கருப்புப் பூச்சின்மேல் தோல் புற்றுநோய் செல்லை விட்டால் என்ன ஆகும்? "மெலனின் பூசினால் புற்றுநோய் சாகும்" என்று ஒரே வரி பதில் தேடிப் போனால் ஏமாற்றம்தான். பதில் நாலைந்தாகப் பிரிகிறது.

ஒன்று. ஒழுங்காகப் பின்னி, கழுவி, உலர்ந்த பூச்சு செல்களுக்குப் பிடித்த தரை. செல் ஒட்டவே ஒட்டாத பரப்பிலும், பாலிடோபமின் பூசினால் செல் ஒட்டி வளர்கிறது என்று 2010ல் கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலும்பு, பல் இம்பிளாண்ட்களில் இந்தப் பூச்சை முயல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் தரைக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. நல்ல செல்லை ஒட்டவைக்கிற அதே பிடி, புற்று செல்லையும் ஒட்டவைக்கக்கூடியதுதான்.

இரண்டு. பின்னாத டோபமின் வேறு ஆள். அது ஆக்சிஜனோடு சேரும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது, செல்களுக்கு விஷமான குவினோன்களும் உண்டாகின்றன. 1978ல் மைக்கேல் விக் என்ற அமெரிக்கர், எலிகளின் மெலனோமாக் கட்டிமேல் டோபமினையே மருந்தாக முயன்றார். மெலனோமா செல்லிடம் டைரோசினேஸ் இருக்கிறதே, அது டோபமினை விஷமாக்கித் தானே சாகட்டும் என்பது இந்த வழியின் தர்க்கம்.

மூன்று. குட்டி உருண்டைகளாகச் செய்தால் அது குடை. 2017ல் கலிஃபோர்னியாவில் நேதன் ஜியானெஸ்கி குழு, மெலனோசோம் அளவுள்ள பாலிடோபமின் உருண்டைகளைத் தோல் செல்களுக்குக் கொடுத்தது. செல்கள் அவற்றை விழுங்கி, உட்கருவைச் சுற்றித் தொப்பி மாதிரி குவித்துக்கொண்டன. புற ஊதாக் கதிர் பட்டபோது சேதமும் குறைந்தது. செயற்கைக் கருப்பை அந்த செல்கள் சொந்தக் கருப்பு மாதிரியே நடத்தின.

நான்கு. கருப்பு வெளிச்சத்தை விழுங்கிச் சூடாகும். சீன ஆய்வாளர்கள் 2013ல் இதே உருண்டைகளை எலியின் கட்டிக்குள் செலுத்தி, அகச்சிவப்பு லேசர் அடித்துக் கட்டியைச் சுட்டார்கள். இங்கே கொல்வது சூடு, மெலனின் அடுப்பு மட்டும்.

ஐந்தாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. 2019ல் போலந்தின் கிராக்கோவிலிருந்து வந்த ஆய்வு, மெலனோமா செல்லுக்குள் மெலனின் நிறைய இருந்தால் செல் விறைப்பாகிவிடுகிறது, எலிகளில் பரவுவதும் குறைகிறது என்றது. விறைத்த செல்லால் இண்டு இடுக்கில் நுழைய முடிவதில்லை. ஆனால் அதே மெலனின், கதிரியக்க சிகிச்சை கொடுக்கும்போது புற்று செல்லுக்குக் கவசமாகவும் நிற்கக்கூடும். பரவுவதைத் தடுப்பதும் அதுதான், மருந்தைத் தடுப்பதும் அதுதான்.

இதெல்லாம் கண்ணாடித் தட்டிலும் எலியிலும் பார்த்தவை. மனிதருக்கான சிகிச்சை இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. "மெலனின் நல்லதா கெட்டதா" என்ற கேள்வியே சரியில்லை. அது எதோடு கட்டுண்டு கிடக்கிறது, எங்கே இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டியது. பையில் அடைத்து, புரதத்தோடு பின்னிக் கிடக்கும்போது காவல். அவிழ்ந்து திரியும் மூலப்பொருளாக இருக்கும்போது விஷம். நம் மெலனோசைட் செல்லே இதைத் தெரிந்துவைத்திருக்கிறது. மெலனின் சமைக்கிற வேலையைப் பைக்குள்ளேயே வைத்து முடிக்கிறது, வெளியே சிந்தவிடுவதில்லை.

ஒரு கையுறையின் கதை

அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தோல் தொழிலிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. அமெரிக்கத் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர்களுக்குக் கையிலும் முன்னங்கையிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. கருப்பினத் தொழிலாளர்கள் என்பதால் கண்ணில் பட்டது. நியாயமாக எல்லாரும் தோல் ஷாப் ரசாயனத்தைத்தான் சந்தேகிப்பார்கள். 1939ல் ஆலிவர், ஷ்வார்ட்ஸ், வாரன் மூவரும் எழுதிய அறிக்கையில் குற்றவாளி வேறு: பாதுகாப்புக்காகப் போட்டிருந்த ரப்பர் கையுறை. ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சேர்த்திருந்த மோனோபென்சோன் என்ற ஃபீனால் வகைப் பொருள், வியர்வையில் கசிந்து தோலுக்குள் போயிருக்கிறது. உள்ளே டைரோசினேஸ் அதைத் தன் வழக்கமான சரக்கு என்று நினைத்துப் பிடித்துக்கொள்ள, மெலனோசைட் செல்கள் அழிந்தன. கையுறை படாத இடங்களில்கூடச் சிலருக்குத் திட்டு வந்தது.

அந்தத் தொழிலாளர்களின் கஷ்டத்திலிருந்து மருத்துவம் இரண்டு பாடம் எடுத்தது. வெண்புள்ளி உடம்பு முழுக்கப் பரவிவிட்டவர்களுக்கு, மிஞ்சிய நிறத்தையும் எடுத்து ஒரே சீராக்க மோனோபென்சோன் களிம்பு மருந்தானது. 2010ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், அதே பொருளோடு நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகளைச் சேர்த்து, எலிகளில் மெலனோமாவுக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள். மெலனோசைட்டைக் கொல்கிற பொருள், மெலனோசைட்டில் பிறந்த புற்றையும் அடையாளம் காட்டிக்கொடுக்கும் என்ற கணக்கு.

தொழிற்சாலையில் முதலில் யார் உடம்பில் சோதனை நடந்துவிடுகிறது என்பதைத்தான் இந்தக் கதை எனக்குச் சொல்கிறது.

குரோமும் பாலாறும்

வேலூர்ப் பக்கத்தின் சொந்தக் கதைக்கு வருவோம். பட்டையில் வாரக்கணக்கில் ஆகிற வேலையைக் குரோமியம் உப்பு ஒரு நாளில் முடித்துவிடும். 1903 வாக்கில் சென்னையில் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் குரோம் பதனிடுதலை முயன்றார். கிணற்றில் நீர் இறைக்கும் கவலைத் தோல், தண்ணீரில் ஊறியும் சீக்கிரம் கெடாமல் இருக்கவேண்டும் என்பது அவர் நோக்கங்களில் ஒன்று. பிறகு பல்லாவரம் பக்கம் வந்த குரோம் லெதர் தொழிற்சாலையால் ஒரு ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. ஆனால் வேலூர் வட்டாரம் பெரிய அளவில் குரோமுக்கு மாறியது 1970களில்தான். 1973ல் அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் அளவு வைத்தது. முடித்த தோலும் ஷூவும் ஏற்றுமதி ஆகட்டும் என்பது கொள்கை. தொழில் வளர்ந்தது, வேலை பெருகியது. கூடவே குரோமும்.

குரோமும் கட்டுண்டால் ஒரு ஆள், அவிழ்ந்தால் இன்னொரு ஆள். தோலில் கொலாஜனைப் பிடித்துக்கொண்டிருப்பது மூன்றிணைய குரோமியம், பெரிய தொந்தரவு தராதது. வழக்கமான முறையில் போடுகிற குரோமில் 60–70 சதவீதம்தான் தோலில் ஏறும், மிச்சம் கழிவு நீரில். ஆறிணைய குரோமியமோ நுரையீரல் புற்றுநோய் தருவது உறுதியான பொருள். தோலில் பட்டால் ஆறாத அரிப்பும் புண்ணும் வரும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு லட்சக்கணக்கான டன்.

1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு. தோல் தொழிற்சாலைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ பாழானதைத் தீர்ப்பு குறிப்பிட்டது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். "மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்", "சந்தேகம் இருக்கும்போதே முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்" என்ற இரண்டு கொள்கைகள் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியது இந்த வழக்குதான். சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடு முழுக்கப் படிக்கும் வழக்கு. ஆனாலும் 2015 ஜனவரி 31ல் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் சேறு பாய்ந்து 10 பேர் செத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்ப பட்டைக்கே திரும்பிடலாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பாய் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "பட்டைத் தண்ணி மட்டும் என்ன பன்னீரா? அதை விட்டாலும் ஆறு கருப்பாத்தான் ஓடும்" என்றார். சரிதான். டேனின் தோலில் இருந்தால் செருப்பு, ஆற்றில் போனால் மீனுக்கு மூச்சு முட்டும்.

உள்ளங்கால்

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இத்தனை ரசாயனத்தில் நிற்கிறார்களே, தோல் ஷாப்காரர்களுக்குத் தோல் புற்றுநோய் அதிகமாக வருமோ? நானும் அப்படித்தான் நினைத்துத் தேடினேன். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை தோல் தூசியைப் புற்றுநோய் தருவதாக உறுதிப்படுத்தி வைத்திருக்கிறது. ஆனால் அது சொல்வது மூக்கிலும் மூக்கைச் சுற்றிய அறைகளிலும் வருகிற புற்று. ஷூ கம்பெனியில் தோலைத் தேய்க்கிற, வெட்டுகிற இடத்தில் முகக்கவசம் ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே காரணம். வெறுமனே மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டால் போதாது.

மெலனோமாவின் கணக்கு வேறு. நம் நிறத்துக்கு அது அபூர்வம். இந்தியாவில் வருஷத்துக்கு லட்சத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. ஆஸ்திரேலிய வெள்ளையர்களுக்கு இதைவிடப் பல பத்து மடங்கு. மெலனின் குடை வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் நமக்கு வரும்போது பெரும்பாலும் அது வருகிற இடம் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. வெயிலே படாத, குடையும் மெல்லிதாக இருக்கிற இடங்கள். பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் 1977ல் கண்டது அதுதான். 1981ல் 36 வயதில் இறந்தார். "கருப்பாக இருப்பவர்களுக்குத் தோல் புற்றுநோய் வராது" என்ற நம்பிக்கை இங்கேதான் ஆளைக் கவிழ்க்கிறது. முள் குத்தினது, ஷூ கடித்தது, ஆணி என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நோய் கண்டுபிடிக்கிறபோது பரவியிருக்கிறது.

உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊரில் இதைச் சொல்வது கொஞ்சம் பொருத்தம்தான். நான் பாயிடம் இதையெல்லாம் முழுசாகச் சொல்லவில்லை. சிப்பி, டோபமின் என்றெல்லாம் ஆரம்பித்தால் சிரிப்பார். உள்ளங்காலில் புதிதாகக் கருப்பு மச்சம் வந்தாலோ, இருப்பது பெரிசானாலோ, நகத்தில் கருங்கோடு விழுந்து அகலமானாலோ, ஆறாத புண் இருந்தாலோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் உடனே செருப்பைக் கழற்றிக் காலைத் திருப்பிப் பார்த்தார். பித்தவெடிப்பைத் தவிர ஒன்றுமில்லை. "நாப்பது வருஷமா அடுத்தவன் காலுக்குச் செஞ்சிருக்கேன், என் காலை இப்பதான் பாக்குறேன்" என்றார்.